ஒரே ஒரு சீடர்

பிப்ரவரி 8

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு நவம்பரில் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. புற்று. குரல்பெட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஓர் ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. சாப்பிடுகிறார், மூன்று மாடியும் ஏறி இறங்குகிறார், பேச்சு மட்டும் இல்லை. இனி வரவும் வராது. கையில் ஒரு சிலேட்டு வைத்திருக்கிறார். அதிலும் இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதுவதில்லை. இருபத்தெட்டு வருடம் பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் கொடுத்த மனிதர், ‘உப்பு’ என்று எழுதி என்னிடம் காட்டுகிறார்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர், "அவன்கிட்ட சொல்லாத" என்றார். அவர் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அதை மீறித்தான் எழுதுகிறேன்.

காரணம் இருக்கிறது. மருத்துவமனையில் பேச்சு டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். ஒருவருடைய பழைய ஒலிப்பதிவு சில மணி நேரம் இருந்தால், அதே குரலில் பேசும் ஒரு சின்னக் கருவி செய்துவிடலாமாம். விரல்களால் தட்டினால் அது பேசும். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் குழு வேறு ஊருக்குப் போய்விடுமாம். நான் ஒலி நூலகத்துக்கு ஓடினேன். போன வருடம் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்து அப்பா வாசித்த அறுபத்தொரு புத்தகமும் போய்விட்டதாம். மேலாளர் வருத்தம்கூடப் படவில்லை.

வீட்டிலும் இல்லை. அதுதான் உனக்கே தெரியுமே. அந்த அறுபத்தொன்றையும் நீ இன்டர்நெட்டில் ஊருக்கே திறந்துவிட்டது நூலகத்துக்குத் தெரிந்து, அப்பாவின் வேலை போன அன்று, உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னாரே. நீயும் அழித்தாய். மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். மூன்று வருடம் ஆகிறது.

பூசி மெழுகாமல் சொல். உன்னிடம் ஒரு பிரதி இருக்கிறதா?

அக்கா

(நீ இருக்கும் மலையில் சிக்னல் இல்லை என்பது தெரியும். இருந்தாலும் போன் செய்யாதே. இந்த வீட்டில் அப்பாவின் காது மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கிறது.)


பிப்ரவரி 15

அக்கா,

நான் ‘அன்புள்ள’ என்று எழுதவே இல்லை. எழுதினால் நீ அடித்துவிடுவாய் என்று ஒரு பயம்தான்.

உன் கடிதத்தைச் சாமான் லாரி டிரைவர் கொண்டுவந்தார். எப்போதும் கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பதால் அவருக்குக் கொட்டாவி என்றே பெயர். சுரங்கப்பாதை வாசலில் நின்று படித்தேன். என் வேலை உள்ளே காற்று அனுப்பும் பெரிய மின்விசிறிகளைப் பார்த்துக்கொள்வது. இரண்டாம் விசிறி நின்று போனதைக்கூடக் கவனிக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வந்து, "என்னப்பா, உள்ள இருக்கறவங்க மூச்சு விட வேணாமா?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

பிரதி இருக்கிறது. அவர் அழிக்கச் சொல்வதற்கு முன்பே ஒரு டிஸ்கில் எடுத்து வைத்திருந்தேன். இங்கே வந்த முதல் வருடம் வேறு துணையில்லை, அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க, இரைச்சலை எடுத்தேன், பக்கம் புரட்டும் ஓசையை எடுத்தேன், செருமலை எடுத்தேன். இப்போது படு சுத்தமாக இருக்கிறது. அதைப் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அதைத் திருட்டு என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். கண் தெரியாத ஒரு டீச்சர் நூலகத்துக்கு எழுதிய கடிதம் உனக்கு நினைவிருக்கிறதா? நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தருவோம் என்று நூலகம் சொல்லிவிட்டது. அந்தக் கடிதத்தைச் சாப்பிடும்போது நம்மிடம் மூன்று முறை வாசித்துக் காட்டியது யார்? "பாவம், எத்தனை பேரு காத்திருக்காங்களோ" என்றது யார்? அவர் சொன்னதைத்தான் நான் செய்தேன். கடைசியில் என் பெயரை நூலகத்தில் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அது இன்னும் எரிகிறது, அக்கா. ஆனால் குரல் இல்லாத மனிதர் மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

டிஸ்க் வந்தது. பயன்படாது.

டாக்டரம்மா பத்து நிமிடம் கேட்டார். "இதை யாரு இப்படித் தேச்சுக் கழுவினாங்க? தகர டப்பாவுக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. குரலோட மேல்தோலே உரிஞ்சு போச்சு" என்றார். ‘ச’ எங்கே ‘ஷ’ எங்கே என்று தெரியவில்லையாம். முதலில் பதிவு செய்தபடியே, கை படாதது வேண்டுமாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யாரும் கேட்காமல் ஏனடா அதில் கை வைத்தாய்? நான் வில்லை அரைக்கிறவள். ஒருவருடைய கண்ணாடியைப் பளபளவென்று ஆக்குகிறேன் என்று ஒரு இழை கூடுதலாகத் தேய்த்தால், அந்தக் கண்ணாடி அவருக்கு ஆகாது. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைக்கூடைதான்.

டாக்டரம்மாதான் கேட்டார், இன்டர்நெட்டில் போட்டது யாரிடமாவது இருக்காதா என்று. எனக்கு அது ஒன்றும் புரியவில்லை. நீ போட்டாய், பிறகு அழித்தாய். அழித்த பிறகு எப்படி இருக்கும்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நாற்பது நாள்தான் இருக்கிறது.

அப்பா பகலில் என்ன செய்கிறார் என்று கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். நீ கேட்கவில்லை. நான் பட்டறைக்குப் போன பிறகு என்ன செய்கிறாரோ, எனக்கும் தெரியாது.

அக்கா


மார்ச் 5

அக்கா,

திட்டு. அதற்கு நான் தகுதியானவன்தான். கை படாத மூலம் என்னிடம் இல்லை, அதன் மேலேயேதான் தேய்த்துவிட்டேன்.

இப்போது பாடம். இதை டோரண்ட் என்பார்கள். சாதாரணமாக ஒரு பைல் ஒரே கடையில் இருக்கும், எல்லோரும் அங்கே போய் வாங்குவார்கள், கடையை மூடினால் கதை முடிந்தது. இதில் கடையே கிடையாது. பைலை ஏழாயிரம் துண்டாக வெட்டுகிறோம். யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறதோ அவர் அதை மற்றவருக்குக் கொடுக்கிறார், தன்னிடம் இல்லாததை வாங்கிக்கொள்கிறார். வாங்குகிறவரே அதே நேரத்தில் கொடுக்கிறவரும். ஊரில் அபூர்வமாக இருக்கும் துண்டை முதலில் கேட்டு வாங்கும்படி அந்த புரோகிராமை எழுதியிருக்கிறார்கள், அது தொலைந்துபோகக் கூடாதே என்று. எல்லாத் துண்டும் முழுதாக வைத்துக்கொண்டு, எதுவும் வாங்காமல் கொடுத்துக்கொண்டே இருப்பவர் சீடர், ஆங்கிலத்தில் விதைக்கிறவர் என்று அர்த்தம். அதனால் நான் அழித்தாலும், முன்னமே வாங்கியவர் யாராவது இன்னும் தன் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தால் கிடைக்கும். எல்லோரும் மூடிவிட்டால் கிடைக்காது. அவ்வளவுதான் இதன் ரகசியம். யாரோ ஒருவர் அணைக்காமல் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை உண்டு. ஏழாயிரம் கைரேகையும் ஒரு சின்னக் குறிப்புச் சீட்டில் இருக்கும். அதை இந்தப் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். வருகிற துண்டின் கைரேகை சீட்டோடு ஒத்துப்போகாவிட்டால் புரோகிராம் அதைத் தூக்கி எறிந்துவிடும். என் சுத்தமான பிரதியை அதனிடம் கொடுத்துப் பார், ஒன்றைக்கூட ஏற்காது. அதற்கு அப்பாவின் குரல் என்றெல்லாம் தெரியாது. ஒரே ஒரு செருமல் குறைந்தாலும் அது வேறு ஆள்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்திருக்கிறேன். அறுபத்தொரு புத்தகத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டேன். கடைசித் துண்டு வரும்வரை மூட்டை அவிழாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வந்தாலும் உனக்கு ஒரு வார்த்தை கேட்காது.

இதை எழுதிவிட்டு விசிறி பார்க்கப் போனேன். திரும்பி வந்து எழுதுகிறேன்.

அக்கா, செருமல் என்று எழுதினேன் அல்லவா. அது செருமல் இல்லை. கடைசி எட்டுப் புத்தகத்தில் அது இருமல். முதலில் அத்தியாயத்துக்கு ஒன்று, பிறகு பக்கத்துக்கு ஒன்று. நான்தான் ஒவ்வொன்றாக வெட்டினேன். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றையும் காதில் கேட்டு, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன். ‘இரைச்சல்’ என்று ஒரு கோப்பில் போட்டுப் பிறகு அதையும் அழித்தேன். உலகத்திலேயே அந்த இருமலை அத்தனை முறை கேட்டவன் நான் ஒருவன்தான். டாக்டரிடம் போகச் சொல் என்று உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. கோபத்தில் இருந்தேன். இங்கே பாறைத் தூசியில் யாராவது இரண்டு முறை இருமினால் உடனே மருத்துவமனை வண்டியில் ஏற்றி அனுப்புகிறவன் நான். மேஸ்திரி கேலி செய்வார்.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

உன் முந்தின கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு நான் இப்போது பதில் சொல்லப்போவதில்லை. அதே வீட்டில், அடுத்த அறையில் இருந்து அந்த இருமலைக் கேட்டவள் நான். போதுமா?

நீ சொன்னபடி என் லேப்டாப்பில் போட்டேன். சமையலறை அலமாரிக்குப் பின்னால், அப்பா கண்ணில் படாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த மூட்டையைப் பற்றி வாயைத் திறந்தாலே அவர் முகம் இறுகிவிடும், அதனால் சொல்லவில்லை. நீ சொன்ன மாதிரியே உன் சுத்தப் பிரதியைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு துண்டைக்கூட ஏற்கவில்லை. உன்னைவிட அந்த புரோகிராமுக்கு அப்பாவைத் தெரிந்திருக்கிறது.

இரண்டே நாளில் 91 வந்தது. குதித்தேன். பிறகு அப்படியே நின்றுவிட்டது. திரையில் தெரிகிற மற்ற மூன்று பேரும் 91-லேயே நிற்கிறார்கள். எத்தனை மாதமாக நிற்கிறார்களோ. ‘சீடர் 0’ என்று காட்டியது. குருவுக்கே குரல் போன பிறகு சீடருக்கு எங்கே போவது என்று நினைத்துச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

மறுநாள் பட்டறையிலிருந்து வந்து பார்த்தால் 91½. யாரோ வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்! அதற்கடுத்த நாள் 92. ஆமை வேகம்தான், ஒரு நாளைக்கு அரைதான், ஆனால் வருகிறது. எனக்கு ஏறினால் அந்த மூன்று பேருக்கும் ஏறுகிறது. வேடிக்கை என்னவென்றால் ஞாயிறுகளில் அந்த ஆள் வருவதே இல்லை. மாலையில் நான் வீட்டில் இருக்கும்போதும் வருவதில்லை. புதன்கிழமை மின்வெட்டு என்று பட்டறையை மூடிவிட்டார்கள், இரண்டரை மணிக்கு வந்தேன். அப்போது திரையில் பார்த்தேன். ‘சீடர் 1’. அவசரமாகக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன், நீ பார்த்தால் புரியுமோ என்று. அவர் பெயருக்குப் பதிலாக 192.168.1.7 என்று இருந்தது. பக்கத்தில் 100. புரோகிராம் பதிப்பு என்ற இடத்தில் எல்லோருக்கும் 5, 5, 5 என்று இருக்க, இவருக்கு மட்டும் 2.0. அப்பா அறையிலிருந்து வெளியே வந்ததும் லேப்டாப்பை மூடினேன். மறுபடி திறந்தபோது ஆள் போய்விட்டார்.

இன்று 95. கணக்குப் போட்டேன், ஏப்ரல் ஐந்து வாக்கில் முடிய வேண்டும். அந்த மகராசன் வராமல் இருந்துவிடக் கூடாது.

வேறு விஷயம். அப்பாவின் கழுத்து ஓட்டைக்கு ஈரக்காற்று கொடுக்கும் கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன். அவர் அறையில் வைக்க இடமில்லை. உன் பழைய கம்ப்யூட்டர் பெட்டி மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த ஞாயிறு பழைய சாமான்காரர் வந்து எடுத்துப் போகிறார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எழுதி அடித்துவிட்டேன். பிறகு.

அக்கா


மார்ச் 26

அக்கா!

பெட்டியைக் கொடுக்காதே.

192.168 என்று தொடங்கும் எண் வெளியுலகத்தில் எவருக்கும் கிடையாது. அது வீட்டுக்குள்ளே ஒவ்வொரு கருவிக்கும் போட்டுக்கொள்ளும் எண், ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு எண் போடுவது மாதிரி. உன் சீடர் நம் வீட்டுக்குள்தான் இருக்கிறார். 2.0 பதிப்பை இன்று யாரும் வைத்துக்கொள்வதில்லை. அந்தப் பெட்டியில் நான்தான் போட்டேன். அரை அரையாக வருவதும் என் வேலைதான். நீ வில்லை அரைக்கும் தொழில் தேர்வுக்கு வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாய், உன் இணையம் தடைப்படக் கூடாது என்று கொடுக்கும் வேகத்துக்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தேன்.

நான் மூட்டையை அழித்தேன், புரோகிராமை அழிக்கவில்லை. அப்படியானால் அதற்குப் பிறகு அப்பா, யாரிடமும் கேட்காமல், தன் குரலை ஊர் பேர் தெரியாதவர்களிடமிருந்து திரும்ப வாங்கி வைத்திருக்கிறார். போன வருடம் நீ இணைய இணைப்பை மாற்றியதாக ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய் (நான் பதில் போடாத கடிதம்). புதுக் கருவி அந்தப் பழைய பெட்டியை வெளியே விடாது. அதனால்தான் வெளியே எல்லோரும் 91-ல் நிற்கிறார்கள். ஒரு வருடமாக அவர் தினமும் திறந்து உட்கார்ந்திருக்கிறார், ஒருவரும் வரவில்லை. உள்ளேயிருந்து நீ வந்தாய்.

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது. கொட்டாவியிடம் பட்டறை நம்பரைக் கொடுத்து, ஊருக்குள் போனதும் பேசச் சொல்லியிருக்கிறேன்.

பூட்டை எடுக்க: மேலே பல்சக்கரப் படம், அதில் ‘வேகம்’, அங்கே 10 என்று இருப்பதை 0 ஆக்கு.

தம்பி


மார்ச் 29, ஞாயிறு

தம்பிக்கு,

நீ வரவில்லை.

நேற்றுப் பட்டறை போனை எடுத்தவர், "உங்க தம்பி பொட்டியோட வர்றாராம், ஞாயித்துக்கெழம" என்றார். யாரோ லாரி டிரைவர் பேசினாராம், பாதி வார்த்தை கொட்டாவியாம். ‘அன்புள்ள’ போடாதவள்தான் நான். ஆனால் விடிந்ததும் எழுந்து, உனக்குப் பாய் போட இடம் வேண்டுமே என்று அறையை ஒழிக்கத் தொடங்கினேன். உனக்காகத்தான் அவ்வளவு அவசரப்பட்டேன் என்பதைத் தெரிந்துகொள்.

சாமான்காரர் பதினொரு மணிக்கு வந்தார். அப்பா பெட்டியின் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். சிலேட்டில் ‘வேண்டாம்’ என்று எழுதினார். நான், "அப்பா, உங்க மூச்சுக்குத்தான இடம் பண்றேன்" என்றேன். அழித்துவிட்டு இன்னொன்று எழுதினார். ‘ஒருத்தர் காத்திருக்கார்.’

"யாருப்பா காத்திருக்கா? இந்த வீட்டுல நம்ம ரெண்டு பேரத் தவிர யாரு இருக்கா?" என்று கேட்டேன். அதையே தட்டித் தட்டிக் காட்டினார். ஆபரேஷனில் மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டதோ என்று நினைத்தேன். நினைத்தபடியே ஒயரைப் பிடுங்கினேன். அவர் என் கையைப் பிடித்தார், சிலேட்டு விழுந்து உடைந்தது. வாயைத் திறந்தார். கழுத்து ஓட்டையிலிருந்து வெறும் காற்று சீறிக்கொண்டு வந்தது. கத்தினார், தம்பி. அப்பா என்னைப் பார்த்துச் சத்தமே இல்லாமல் கத்தினார். சாமான்காரர் பாவம், "இன்னொரு நா வர்றேம்மா" என்று போய்விட்டார்.

பெட்டி இருக்கிறது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். சாப்பிடவில்லை. லேப்டாப்பில் 98.

அன்று அடித்ததை இன்று எழுதுகிறேன். உன் பெயரை நூலகத்தில் சொன்னது அப்பா இல்லை. நான். அப்பாதான் வெளியே விட்டார் என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள். நீ செய்தாய் என்று தெரிந்தால் அவரை விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, நானே போய் மேலாளரிடம் சொன்னேன். அவர்கள், பதிவறைச் சாவி அப்பா கையில்தானே இருந்தது என்று அவரையே அனுப்பிவிட்டார்கள். நீ அவரைப் பார்த்துக் கத்தியபோது அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அப்போது எனக்குக் குரல் இருந்தது. இருந்தும் பேசவில்லை.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

கொட்டாவியிடம் நான் சொன்னது, ‘பெட்டியை விடாதே’. அது ‘பெட்டியோடு வருகிறார்’ ஆகிவிட்டது. இரண்டு வாய் மாறினதில் இவ்வளவு. கைரேகை பார்க்க ஆள் இல்லாத இடத்தில் இப்படித்தான் போல.

நூலக விஷயத்தை எட்டு முறை படித்தேன். மூன்று வருடமாக அப்பா மேல் வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே இறக்கி வைப்பது? உன் மேலும் வைக்க முடியவில்லை. வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. அதற்காக மன்னித்துவிட்டேன் என்று எழுதவும் கை வரவில்லை. அது வேறு ஏதோ நாளில் வரும்.

‘ஒருத்தர் காத்திருக்கார்’ என்று அவர் எழுதியது உனக்கு இப்போது புரிந்திருக்கும். என் முந்தின கடிதம் கிடைத்ததா? அவர் மறுபடி பெட்டியைத் திறந்தாரா? ஒரு வரி போடு. விசிறிச் சத்தத்தில் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் மார்ச் கடிதம் முப்பத்தொன்றாம் தேதி வந்தது. பட்டறையில் கண்ணாடித் தூள் படிந்த கையோடு படித்தேன். முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி, வழியில் ஒரு புது சிலேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவர் அப்படியே படுத்திருந்தார். ஒயரை நானே சொருகினேன். சிலேட்டில் ‘பெட்டி இருக்கட்டும். தப்பு என்னுது’ என்று எழுதி அவர் மடியில் வைத்தேன். எனக்குத்தான் பேச வருமே, ஆனால் அன்று வரவில்லை. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

கால் மணி நேரம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாட்டுக் கேட்கவில்லை, தன் குரலைக் கூடக் கேட்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரே ஒரு வரி. ஓர் எண், பக்கத்தில் 98. அது நகர்கிறதா என்று மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நான் அரைத்துக் கொடுத்த கண்ணாடி.

"அப்பா, அந்தக் காத்திருக்கறவங்க நான்தான்" என்றேன்.

திரும்பினார். சமையலறையிலிருந்து லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். இங்கே 98, அங்கே 98. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வருடமாக ஆளே வராத இடத்தில் ஒருவர் வந்ததும், கண் தெரியாத யாரோ ஒரு பிள்ளை என்றுதான் நினைத்தாராம். தினமும் சாப்பிட்டதும் அந்தப் பிள்ளைக்காகத் திறந்து வைத்தாராம். சிலேட்டில் எழுதினார்: ‘வேகம் கூட்டத் தெரியலை. அவனுக்குத்தான் தெரியும்.’ நான் உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். வாசித்தார். உதடு அசைய அசைய வாசித்தார், பழைய வழக்கம். பிறகு அவரே பல்சக்கரத்தைத் தட்டி, பத்தை அழித்து, பூஜ்யம் போட்டார். மூன்று வாரம் சொட்டுச் சொட்டாக வந்தது, அடுப்பில் பால் பொங்குவதற்குள் முடிந்தது.

ஏழாம் தேதி டாக்டரம்மாவிடம் கொடுத்தோம். அப்பாவும் வந்தார். டாக்டரம்மா ஒவ்வொரு புத்தகமாகக் கேட்டுக்கொண்டே வந்து, ஐம்பத்தைந்தாவதில் நிறுத்தினார். "இந்த இருமல் வந்தப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அப்பா சிலேட்டை எடுத்தார். இவ்வளவு நீளமாக அவர் எழுதி நான் பார்த்ததில்லை. ‘எனக்குத் தெரியும். டாக்டர்கிட்ட போனா வாசிக்க விட மாட்டாங்கன்னு போகலை. பிள்ளைங்க மேல தப்பில்லை.’ அதை உனக்கு வார்த்தை மாறாமல் எழுத வேண்டும் என்று அங்கேயே காகிதத்தில் குறித்துக்கொண்டேன். சரிபார்த்துக்கொள்.

அது என் மனதை ஆற்றவில்லை. உன் மனதையும் ஆற்றாது என்று தெரியும். ஆனாலும் அவர் சொன்னது அது.

இருமலை எடுத்துவிட்டுச் செய்யட்டுமா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, ‘இருக்கிறபடி’ என்று எழுதினார். கருவி வர ஒரு மாதம் ஆகும். எப்படி இருக்குமோ, அவருக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை மூடப் போனேன். அப்பா கையைப் பிடித்தார். 91-ல் நின்றிருந்த அந்த மூவரும் என்னிடமிருந்து வாங்கி முழுதாகிவிட்டார்கள். இரண்டு பேர் வாங்கிய கையோடு கிளம்பிவிட்டார்கள், ஒருவர் மட்டும் இருக்கிறார். அவர் யார், எந்த ஊர், கண் தெரியுமா தெரியாதா, ஒன்றும் தெரியாது. அவர், அப்பா, நான். திரையில் ‘சீடர் 3’ என்று காட்டுகிறது.

நீ தேய்த்துக் கழுவிய பிரதியை அழித்துவிடு. கை படாத இந்தப் பிரதியைத் தபாலில் அனுப்ப அப்பா விடமாட்டேன் என்கிறார். காலையில் சிலேட்டில் பெரிதாக 4 என்று எழுதி, உன் நாற்காலியில் சாய்த்து வைத்தார். அதை அழிக்காமல், உப்பு வேண்டுமென்றால் இப்போது கையைக் காட்டித்தான் கேட்கிறார்.

அக்கா